தாடிக்குள் உதிரும் வெள்ளைத் துகள்: வறட்சி என்று நினைத்து எண்ணெய் பூசுகிறீர்களா?

கறுப்புச் சட்டை போடத் தயங்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். காரணம் தலைப் பொடுகு அல்ல, தாடிப் பொடுகு. தாடையை லேசாகச் சொறிந்தாலே போதும், மாவு தூவியது போல நெஞ்சில் வெள்ளைத் துகள் கொட்டும். பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினால் அதன் பட்டையிலும் அதே துகள். பக்கத்து சீட்டில் இருப்பவர் “என்ன பாஸ், முகம் கழுவலையா?” என்று கேட்டுவிட்டால், அன்றைய நாள் முழுக்கக் கை தாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே வேலை.

ஒரு காலத்தில் தாடி வைத்தால் “என்னப்பா, லவ் ஃபெயிலியரா?” என்று கேட்பார்கள். 2015-இல் ‘பிரேமம்’, 2018-இல் ‘கேஜிஎஃப்’ வந்த பிறகு கதை மாறியது. தாடி என்பது சோகத்தின் அடையாளம் இல்லை, ஸ்டைல் என்றானது. கூடவே ஒரு சந்தையும் வந்தது. தாடி எண்ணெய், தாடி சீரம், தாடி பாம், தாடி சீப்பு என்று ஆன்லைனில் தேடினால் பக்கம் பக்கமாக வரும். தாடிக்கு அடியில் இருக்கும் தோலைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

இந்தப் பிரச்சினையில் பெரும்பாலானோர் சறுக்குவது முதல் படியிலேயே. துகள் உதிர்ந்தால் அது ‘வறட்சி’ என்று தாங்களே பெயர் வைத்துவிடுகிறார்கள். வறட்சி என்றால் எண்ணெய். எண்ணெயில் கேட்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது ஒரு க்ரீம். முதல் தவறு பணத்தோடு போய்விடும். இரண்டாவது தவறு முகத்தையே கெடுத்துவிடக்கூடியது. அதனால்தான் இதை வெறும் அழகுக் குறிப்பாகப் பார்க்கக் கூடாது.

துகள் எங்கிருந்து வருகிறது?

நம் தோலின் மேலடுக்கு தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே வந்து, இறந்து, உதிர்ந்துபோக ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். இவை ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோல் எரிச்சலடைந்தால் இந்த வேலை அவசரமாக நடக்கும். முழுதாக முதிராத செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். கண்ணில் படும் துகள் அந்தக் கொத்துதான்.

எரிச்சல் ஏன் வருகிறது? இங்கேதான் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பொடுகுச் செதில்களில் இதைக் கண்டு விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் மலசேயின் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பவர் உட்பட ஏறக்குறைய எல்லார் தோலிலும் இது குடியிருக்கிறது.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு விசித்திரம் உண்டு. தனக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்துத்தான் சாப்பிட வேண்டும். உடைத்ததில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஒலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைத்துவிடுகிறது. சிலருடைய தோலுக்கு அந்த மிச்சம் ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பு, சிவப்பு, செதில் எல்லாம் வரிசையாக வரும். தலையில் மட்டும் லேசாக வந்தால் பொடுகு என்கிறோம். முகத்தில் சிவந்து அழற்சியோடு வந்தால் மருத்துவர்கள் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிறார்கள்.

எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் உள்ள இடங்கள்தான் இதற்குப் பிடித்தமானவை. தலை, புருவம், மூக்கின் இரு ஓரம், காதுக்குப் பின்புறம், மீசை, தாடி, நெஞ்சு. பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம் வருவதிலும் ஆச்சரியமில்லை. எண்ணெய் சுரப்பைத் தூண்டுவதில் ஆண் ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு.

இதில் தாடியின் பங்கு என்ன? தாடி நோயை உருவாக்குவதில்லை. ஆனா, ஒரு கூடாரம் போல அடியில் இருப்பதை மூடி வைக்கிறது. வியர்வை, எண்ணெய்ப் பசை, உதிர்ந்த செதில் எல்லாம் உள்ளேயே தங்கும். முகம் கழுவும் தண்ணீரும் சோப்பும் முடியின் மேலோடு வழிந்து போய்விடும். சென்னை வெயிலில் ஒரு மணி நேரம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பிறகு ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்காருபவரின் தாடைத் தோல் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வறட்சியா, பொடுகா? கண்ணாடி முன் ஒரு சோதனை

எல்லாத் துகளும் ஒன்றல்ல. உண்மையான வறட்சியும் உண்டு. அதில் துகள் சின்னதாக, வெள்ளையாக, தூள் போல இருக்கும். முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடித்தது போலத் தோன்றும். கை, கால்களிலும் அதே வறட்சி தெரியும். மார்கழிக் குளிரிலும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும், வெந்நீரில் நிறைய நேரம் குளிப்பவர்களுக்கும் இது வரலாம். மாய்ஸ்சரைசர் போட்டால் சில நாளில் அடங்கிவிடும்.

பொடுகு வகையில் செதில் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் கலந்து, பிசுபிசுப்பாக இருக்கும். முடியை விலக்கிப் பார்த்தால் அடியில் தோல் சிவந்திருக்கும் அல்லது நிறம் மாறியிருக்கும். கறுத்த நிறத் தோலில் சிவப்பு தெரியாமல், வெளிறிய திட்டாகவோ கருத்த திட்டாகவோகூடத் தெரியலாம். அரிப்பு அதிகம். முக்கியமான தடயம் வேறு இடத்தில் இருக்கிறது. புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் அதே செதில் இருக்கிறதா, தலையிலும் பொடுகு உண்டா என்று பாருங்கள். ‘ஆமாம்’ என்றால், தாடியில் இருப்பது வெறும் வறட்சியாக இருக்க வாய்ப்பு குறைவு.

இந்த வேறுபாடு தெரியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் குருட்டாம்போக்குதான்.

எண்ணெய் ஏன் கைகொடுப்பதில்லை?

“தலைக்கு எண்ணெய் வைடா, பொடுகு போயிடும்” என்று சொல்லாத பாட்டி நம்மூரில் இல்லை. அந்த அக்கறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. எண்ணெய் பூசினால் செதில் ஊறி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குத் துகள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ‘கேட்கிறது’ என்று தோன்றும். ஆனால் பொடுகு உள்ளவரின் தோலில் நாள் முழுக்க எண்ணெய்யை ஊறவிடுவது, கொழுப்பை நம்பி வாழும் பூஞ்சைக்கு விருந்து வைப்பது போலத்தான். ஆலிவ் எண்ணெயில் மிக அதிகமாக இருப்பதே ஒலியிக் அமிலம். எந்த அமிலம் தோலை எரிச்சலூட்டுகிறதோ, அதையே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம்.

எல்லா எண்ணெயும் கெடுதல் என்று சொல்வதும் சரியல்ல. உண்மையான வறட்சி உள்ளவருக்கு, கழுவித் துடைத்த தாடி முடியில் ஓரிரு சொட்டு எண்ணெய் தடவினால் முடி மென்மையாகும். அதில் தவறில்லை. ‘தாடிப் பொடுகை விரட்டும்’ என்று எண்ணெய்யை விற்பதுதான் பிரச்சினை.

சட்டப்படி பார்த்தாலும் இது புரியும். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம் மருந்தையும் அழகுப் பொருளையும் தனித்தனியாக வரையறுக்கிறது. சுத்தப்படுத்துவது, அழகூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது ஆகியவைதான் அழகுப் பொருளின் வேலை. நோயைக் குணப்படுத்துவது மருந்தின் வேலை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான தாடி எண்ணெய்கள் முதல் வகை. வாசனையாக இருக்கலாம், பாட்டில் அழகாக இருக்கலாம். தோல் அழற்சிக்கு அது சிகிச்சை ஆகாது. சிலருக்கு அந்த வாசனைப் பொருளே ஒவ்வாமையைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் தேவை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. தாடி வளர வெங்காயச் சாறு தேய்ப்பவர்கள், ஏற்கெனவே எரியும் தோலை இன்னும் எரிய வைக்கிறார்கள்.

தண்ணீரும் சோப்பும்

தாடித் தோலைக் காயவைப்பதில் குளியலறைக்கும் பங்கு உண்டு. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. வழக்கமான சோப்புக் கட்டியின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். தினமும் இரண்டு, மூன்று முறை அதைத் தாடியில் தேய்த்தால் தோலின் பாதுகாப்பு அடுக்கு பலவீனமாகும்.

கூடவே நம்மூர் உப்புத் தண்ணீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது என்கிறது இந்தியத் தரநிர்ணய அமைப்பு. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் பல வீடுகளில் குளிக்க வரும் தண்ணீரை யாரும் அளந்து பார்ப்பதே இல்லை. வாளியில் நுரை வராமல் திப்பி திப்பியாக மிதந்தால் அதுவே சாட்சி. தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உருவாக்கும் அந்தத் திப்பி, தாடி முடியின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்த பிறகு அதுவும் வெள்ளைத் துகளாகத் தெரியும்.

கார்த்திகை, மார்கழியில் இந்தப் புகார் கூடுவதும் தற்செயல் அல்ல. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மண்டல காலம் முழுக்கச் சவரம் செய்வதில்லை. பலர் சோப்பையும் ஷாம்பூவையும்கூடத் தவிர்க்கிறார்கள். குளிர்காலம் இந்த அழற்சியைப் பொதுவாகவே அதிகப்படுத்தும். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது முடி வெட்டாமல், சவரம் செய்யாமல் இருக்கும் வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. முதல்முறையாகத் தாடி வளர்ப்பவர்களுக்கு, அதை எப்படிக் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. விரதத்தைக் குறை சொல்லத் தேவையில்லை. தோலைக் கவனிப்பது எந்த விரதத்துக்கும் விரோதமும் இல்லை.

உண்மையான ஆபத்து: கேட்டவுடன் கிடைக்கும் க்ரீம்

எண்ணெயில் கேட்கவில்லை. அடுத்து என்ன? தெருமுனை மெடிக்கல் ஷாப். “அண்ணே, தாடியில அரிப்பு, ஏதாவது க்ரீம் குடுங்க.” “இதைப் போடுங்க தம்பி, ரெண்டே நாள்ல சரியாகிடும்.” உண்மையிலேயே இரண்டு நாளில் சரியாகிவிடும். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்படிக் கொடுக்கப்படும் டியூப்களில் பல, வீரியமான ஸ்டீராய்டு, பாக்டீரியா எதிர்ப்பு மருந்து, பூஞ்சை எதிர்ப்பு மருந்து என மூன்றும் கலந்தவை. இவற்றில் அடிக்கடி இடம்பெறும் குளோபெட்டசால், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. முகத் தோல் மெல்லியது. உள்ளங்கையைவிடப் பல மடங்கு வேகமாக மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும், அரிப்பு நிற்கும், துகள் மறையும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி பூசுவார்கள். வாரங்கள் மாதங்களாகும். தோல் மெலிந்து, சிவப்பு நரம்புக் கோடுகள் தெரிந்து, பரு கிளம்பி, க்ரீம் இல்லாமல் வெயிலில் போனாலே எரியும் நிலைக்கு முகம் வந்துவிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது அபூர்வமான கதை இல்லை. இந்தியாவின் பல மருத்துவ மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்தவர்களிடம் நடத்தப்பட்டு, 2011-இல் வெளியான ஆய்வில், 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தாடியில் வருவது சில சமயம் பொடுகாக இல்லாமல் படர்தாமரையாக இருக்கலாம். வட்டமாகப் பரவும், ஓரம் தடித்துச் சிவந்திருக்கும். அதன் மீது ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசினால் வட்டம் அழிந்து உருமாறும், ஆனால் உள்ளே பூஞ்சை தாராளமாகப் பரவும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினம். வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத படர்தாமரை இந்தியாவில் பெரிய தலைவலியாகிவிட்டது. அதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கு 2020-இல் வைக்கப்பட்ட பெயரிலேயே ‘இந்தோ’ ஒட்டிக்கொண்டிருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே. கண்டபடி ஸ்டீராய்டு கலவை க்ரீம் பூசும் பழக்கத்தை இந்த நிலைமைக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதே இதன் பொருள். தோல் மருத்துவர் சங்கமும் பல ஆண்டுகளாக இதற்காகக் குரல் கொடுத்து வருகிறது. விதி இருக்கிறது, ஆனால் கவுன்ட்டரில் அது நடைமுறையில் இருக்கிறதா என்பதை எந்த ஊர்க் கடையிலும் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மினாக்ஸிடில், டை: கவனிக்காத இரண்டு காரணங்கள்

தாடி அடர்த்தியாக வளர வேண்டும் என்று மினாக்ஸிடில் பூசும் வழக்கம் கல்லூரி மாணவர்களிடையே பரவியிருக்கிறது. முதலில் ரத்த அழுத்த மருந்தாக இருந்து, பின்னர் தலைமுடி உதிர்வுக்கு வந்த மருந்து இது. தாடிக்கு அது அங்கீகரிக்கப்பட்டதல்ல. திரவ வடிவில் வரும் பலவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் இருக்கும். அது பலருக்குத் தோலைக் காயவைத்து, அரிப்பையும் செதிலையும் உண்டாக்கும். மருந்தைத் தொடங்கிய பிறகே துகள் உதிர ஆரம்பித்தது என்றால், குற்றவாளி கையில் இருக்கும் பாட்டிலாக இருக்கலாம்.

நரையை மறைக்கப் பூசும் டையும் அப்படித்தான். பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாராஃபினைலீன்டையமின், ஒவ்வாமைக்குப் பேர்போன ரசாயனம். தலையில் பூசும்போது ஒன்றும் செய்யாதது, தாடியில் பூசும்போது வீக்கம், கொப்புளம், நீர்க்கசிவு வரை கொண்டுபோகலாம். ‘கறுப்பு மெஹந்தி’ என்று விற்கப்படும் சிலவற்றிலும் இது கலந்திருக்கிறது.

‘ஷேவ் பண்ணிடு, சரியாகிடும்’

வீட்டில், ஆபீஸில், சலூனில் எல்லாரும் சொல்லும் தீர்வு இதுதான். இதில் உண்மை இருக்கிறது. தாடியை எடுத்தால் பலருக்குச் செதில் குறையும், மருந்தும் தோலில் நேராகப் படும். வேறு எதற்கும் கட்டுப்படவில்லை என்றால் மருத்துவரே அதைச் சொல்லலாம்.

ஆனால் அதை முதல் தீர்வாகவும் ஒரே தீர்வாகவும் சொல்வது சோம்பேறித்தனம். சுருள் முடி உள்ள சிலருக்கு ஒட்டச் சவரம் செய்தால் முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளம் வரும். சிலருக்குத் தாடி நம்பிக்கை சார்ந்தது. தாடி வைத்ததற்காக முஸ்லிம் காவலர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் தாடி வைத்துக்கொள்ள மெட்ராஸ் போலீஸ் கெஜட் அனுமதிப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நம்பிக்கையோ, பிடித்த ஸ்டைலோ, அது அவரவர் முகம். தலையில் பொடுகு வந்தால் யாரும் மொட்டை அடிக்கச் சொல்வதில்லையே. தாடிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

சரி, என்ன செய்யலாம்?

லேசான பொடுகு வகைக்குத் தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி எளிமையானது.

முதலில் தாடியைக் கொஞ்சம் குட்டையாக ட்ரிம் செய்யுங்கள். எதைப் பூசினாலும் அது முடியில் நிற்காமல் தோலைத் தொட வேண்டும். ட்ரிம்மரையும் சீப்பையும் சுத்தமாக வையுங்கள், அடுத்தவரோடு பகிர வேண்டாம்.

தினமும் ஒருமுறை மிதமான ஃபேஸ் வாஷ் போட்டு, விரல் நுனியால் முடியின் அடி வரை தேய்த்துக் கழுவுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.

வாரத்துக்கு இரண்டு நாள், 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூ. பலரும் சறுக்கும் இடம் இதுதான். போட்ட உடனே கழுவிவிட்டால் பயன் இல்லை. நுரையை 3 முதல் 5 நிமிடம் தோலில் விட்டு, பிறகு நன்றாக அலச வேண்டும். கண்ணில் படக் கூடாது. தலையிலும் பொடுகு இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே போட வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். அடங்கிய பிறகு, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தால் திரும்ப வருவதைத் தள்ளிப்போடலாம்.

கழுவியபின் துண்டால் ஒற்றி எடுங்கள். தோல் இழுத்துப் பிடித்தால், வாசனை இல்லாத, லேசான மாய்ஸ்சரைசரைத் தோலில் படும்படி தடவுங்கள். ஈரத் தாடியோடு ஹெல்மெட் மாட்டாதீர்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இது ஒரேயடியாகக் குணமாகும் பிரச்சினை இல்லை. அடங்கும், பிறகு மன அழுத்தம், தூக்கமின்மை, குளிர் என்று ஏதோ ஒரு சாக்கில் எட்டிப் பார்க்கும். ‘ஏழே நாளில் நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது சொன்னால், அந்த வரியை வைத்தே அவரைச் சந்தேகிக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால். வட்டமாகப் பரவினால். சீழ், வலி, வீக்கம் இருந்தால். தாடியில் திட்டுத் திட்டாக முடி கொட்டினால். வெள்ளி நிறத்தில் தடித்த செதில் முழங்கை, முழங்காலிலும் இருந்தால் அது சொரியாசிஸ் ஆக இருக்கலாம். திடீரென்று மிகத் தீவிரமாக, உடலின் பல இடங்களில் வந்தாலும் போய்க் காட்டுங்கள். அரிதாகச் சிலருக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைந்ததன் அடையாளமாகவும் இது வரும். ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் பூசியவர்கள், தாங்களாகவே சட்டென்று நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு நிறுத்துவது நல்லது.

மருத்துவரும் சில சமயம் வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு மட்டும் தருவதுண்டு. அளவும் நாளும் தெரிந்து தருவதற்கும், “ரெண்டே நாள்ல சரியாகிடும்” என்று தருவதற்கும் உள்ள தூரம் பெரிது.

“இதுக்கெல்லாம் போய் டாக்டரா?” என்று கூச்சப்படுபவர்கள்தான் அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி ஆகியவற்றிலும் உண்டு. புறநோயாளிகள் பிரிவில் சீட்டு வாங்கிக் காத்திருக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஒரு பாட்டில் தாடி எண்ணெய்யின் விலைகூட ஆகாது.

அழுக்கு இல்லை

இந்த விஷயத்தில் மாற வேண்டியது மூன்று இடங்கள். மெடிக்கல் ஷாப்களில் ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாகக் கண்காணிக்க வேண்டும். 2018-இல் வந்த விதியைக் காகிதத்திலேயே வைத்திருப்பதால் யாருக்கும் லாபமில்லை, கெடும் முகங்களுக்கு நஷ்டம் மட்டும்தான். தாடிப் பொருட்களை விற்பவர்கள், ‘பொடுகு’, ‘அரிப்பு’ போன்ற சொற்களை விளம்பரத்தில் இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவதை யாராவது கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவது இடம் நாம்தான். ஆண்கள் தோலைக் கவனித்தால் ‘பொண்ணு மாதிரி’ என்று கேலி, கவனிக்காமல் துகள் உதிர்ந்தால் ‘குளிக்கலையா’ என்று கேலி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் யாரிடமும் கேட்காமல், ராத்திரி போனில் தேடி, கிடைத்ததை வாங்கிப் பூசிக்கொள்கிறார். தாடிக்குள் உதிர்வது அழுக்கு அல்ல. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும் பொடுகின் இன்னொரு முகவரி, அவ்வளவே. எண்ணெய் பாட்டிலைத் திறக்கும் முன் கண்ணாடி முன் நின்று தாடியை விலக்கி ஒரு நிமிடம் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையில் துகளைப் பார்த்தால், கிண்டலை விழுங்கிவிட்டு, “ஷாம்பூவை அஞ்சு நிமிஷம் ஊற விட்டுப் பாருங்க பாஸ்” என்று சொல்லுங்கள். அவர் அடுத்து வாங்கப் போகும் க்ரீமிலிருந்து அவர் முகத்தைக் காப்பாற்றியவர் நீங்களாக இருக்கலாம்.